குடை எங்கே, அம்மா?

அன்புள்ள அக்காவுக்கு,

பர்மாவின் பெகுவிலிருந்து எழுதுகிறேன். எனக்கு இரண்டு பையன்கள், ஏழு வயதும் நாலு வயதும். சாயங்காலம் ஜெபத்துக்கு உட்கார வைப்பதே பெரும்பாடு. ஜெபமாலையின் ஐந்து பத்துகளில் இரண்டாவது வருவதற்குள் ஒருவன் மற்றவனைக் கிள்ளுவான், நான் கத்துவேன், ஜெபம் சண்டையில் முடியும். இப்போது புதிதாக ஒன்று. எதிர்வீட்டுப் பையனுக்குப் போன மாதம் ஷின்பியூ, அதுதான் சிறுவனைக் கொஞ்ச நாள் புத்த மடத்தில் துறவியாக்கும் சடங்கு, நடந்தது. அதைப் பார்த்ததிலிருந்து மூத்தவன் எனக்கும் வேண்டும் என்று அழுகிறான். அந்த விருந்துக்குப் போனதே பாவம், அதனால்தான் பிள்ளை இப்படிக் கேட்கிறான் என்கிறார்கள் மாமி. பள்ளிக்கூடத்தில் காலையில் புத்த வணக்கம் சொல்லும்போது இவன் கைகூப்புவதும் அவர்களுக்குப் பிடிக்கவில்லை. உங்களுக்கும் பையன்கள் என்பதால் கேட்கிறேன், என்ன செய்வீர்கள்?

ஒரு தங்கை, பெகு

அன்புள்ள தங்கைக்கு,

உங்கள் கடிதத்தைச் சத்தமாகப் படித்தேன். "இதை நீயே எழுதிப் போட்டாயா?" என்று வீட்டுக்காரர் கேட்டார். எங்கள் வீட்டில் எட்டும் ஐந்தும். கிள்ளுவதோடு சரி, கடிப்பது இப்போதுதான் நின்றிருக்கிறது.

ஷின்பியூவை முதலில் சொல்கிறேன். இங்கே ரங்கூனில் எங்கள் சந்திலும் ஒரு கோடை லீவில் நடந்தது. வழக்கமான குதிரை இல்லை, பூ ஜோடித்த கார்தான். ஆனால் ஜிகினா உடுப்பு, மகுடம், சாயம் பூசிய உதடு, பின்னால் ஒருவர் பிடித்து வந்த தங்கக் குடை எல்லாம் இருந்தன. சித்தார்த்தர் இளவரசராக இருந்து அரண்மனையை விட்டுப் போனாரே, அந்த ஞாபகம். பிறகு மொட்டை. அம்மாவும் அப்பாவும் வெள்ளைத் துணியை விரித்துப் பிடிக்க, முடி கொத்துக் கொத்தாக அதில் விழுந்தது. அந்தத் தாய் அழுதாள். பக்கத்தில் நின்ற நானும் அழுதேன், எதற்கென்று கேட்காதீர்கள்.

அன்று ராத்திரியே என் மூத்தவன் ஆரம்பித்துவிட்டான். மொட்டைதானே, நமக்கும் உண்டு என்று பழைய போட்டோவை எடுத்துக் காட்டினேன். வேளாங்கண்ணி மாதாவுக்கு நேர்ந்து, அவ்வளவு தூரம் போக வழியில்லாமல், ஒரு வயதில் வீட்டிலேயே அவனுக்கு முடி இறக்கினோம். சந்தனம் பூசிய மண்டையோடு அழுதுகொண்டிருக்கும் தன்னையே ரொம்ப நேரம் பார்த்தான். "குடை எங்கே, அம்மா?" என்றான்.

அப்புறம்தான் ஒழுங்காகப் பேசினேன். அது வேஷம் இல்லை, விரதம் என்று சொன்னேன். அந்த அண்ணன் மடத்தில் தூங்குகிறான், காலையில் செருப்பில்லாமல் பிச்சைக்குப் போகிறான், மத்தியானத்துக்கு மேல் சாப்பிடமாட்டான், பத்துக் கட்டளைகளை ஏற்றிருக்கிறான், நமக்கு அந்த நம்பிக்கை இல்லாமல் உடுப்புக்காக மட்டும் போட்டுக்கொண்டால் அவர்களை அவமதிக்கிற மாதிரி என்றேன். ராத்திரிச் சாப்பாடு கிடையாது என்றதும் ஆசை பாதி போய்விட்டது, அது வேறு விஷயம். ஆனால் மீதி அவனுக்குப் புரிந்தது என்றே நினைக்கிறேன். "நம்முடையது நிஜம், அவர்களுடையது பொய்" என்று சொல்லியிருந்தால் மறுநாளே அந்த வீட்டு வாசலில் போய் அதை ஒப்பித்திருப்பான். முதல் முறை நற்கருணை வாங்கும் புதுநன்மைக்கு வெள்ளை உடுப்பும் மெழுகுவர்த்தியும் உண்டு என்று சொல்லிவைத்திருக்கிறேன். குடை உண்டா என்று இன்னும் கேட்கிறான்.

விருந்துக்குப் போனது பாவமா என்றால், நான் போனேன், சாப்பிட்டேன், கவரும் கொடுத்தேன். அந்த வீட்டுப் பிள்ளைகள்தான் டிசம்பரில் வந்து எங்கள் குடிலுக்கு வைக்கோல் பரப்புகிறார்கள். அதிரசம் முதல் தட்டு அவர்களுக்குத்தான்.

உங்கள் மாமியை மட்டும் பிள்ளைகள் முன்னால் எதிர்த்துப் பேசாதீர்கள். என் மாமியும் இப்படித்தான். வெறும் பிடிவாதம் என்று பல வருஷம் நினைத்திருந்தேன். 1964இல் கடைகளை அரசாங்கம் எடுத்துக்கொண்டபோது அவருக்குப் பன்னிரண்டு வயது. சித்தப்பா குடும்பம் இந்தியாவுக்குக் கப்பலேறிப் போயிற்று, கழுத்துச் சங்கிலிகூடக் கொண்டுபோக விடவில்லை என்பார். அடுத்த வருஷம் கன்னியாஸ்திரிகள் நடத்திய பள்ளிக்கூடமும் அரசாங்கத்திடம் போனது. வீட்டுக்கு வெளியே அவருக்குத் தமிழ் மிச்சமிருந்த இடம் கோயில் ஒன்றுதான். அதனால்தான் இன்றைக்கும் மாதா ஜெபத்தைப் பழையபடி "பிரியதத்தத்தினாலே பூரண மரியாயே" என்றே சொல்கிறார். புதிய "அருள் நிறைந்த மரியே" அவர் வாயில் வராது. 2017 நவம்பர் 29ஆம் தேதி போப் பிரான்சிஸ் கியைக்கசான் மைதானத்தில் பூசை வைத்தபோது மூத்தவன் கைக்குழந்தை, அவனையும் தூக்கிக்கொண்டு போனோம். மன்றாட்டுகளில் ஒன்றைத் தமிழில் வாசித்தார்கள். மாமி என் கையை இறுக்கிப் பிடித்த பிடியில் வளையல் பதிந்தது. ஷின்பியூ என்றால் அவர்கள் பயப்படுவது பாவத்துக்கு மட்டும் இல்லை, தங்கை. பேரன் எந்த வாசல் வழியாகக் கைநழுவிப் போவானோ என்றுதான்.

பள்ளிக்கூட விஷயத்தில் நான் ஒரு தப்பு செய்தேன். முதல் வருஷம் மூத்தவனிடம், வணக்கம் சொல்லும்போது கையைக் கீழே தொங்கவிட்டு நில் என்று கண்டிப்பாகச் சொல்லி அனுப்பினேன். சொன்னபடியே செய்தான். டீச்சர் ஒன்றும் கேட்கவில்லை, பையன்கள்தான் கேட்டார்கள், நீ கலாவா என்று. இந்திய வம்சத்தாரை இளக்காரமாகச் சொல்லும் பேர் அது. ஆறு வயதுப் பிள்ளை பத்து நாள் வயிற்றுவலி என்று சொல்லிப் படுத்தான். எனக்குள்ள தைரியத்தை நான் காட்டாமல் அவனைக் காட்டச் சொல்லியிருக்கிறேன் என்று பிறகு உறைத்தது. இப்போது, கையைக் கூப்பிக்கொள், வாயைத் திறக்க வேண்டாம், மனசுக்குள் "பரலோகத்தில் இருக்கிற" சொல்லிக்கொள் என்கிறேன். இது சரிதானா என்று பங்குச் சாமியாரிடம் கேட்கவில்லை. கேட்டால் ஒரு பதில் வரும், அதற்குப் பிறகு அதன்படி நடக்க வேண்டும்.

சின்னவனுக்கு வேறு குழப்பம். பர்மியத்தில் புத்தர் கோயிலான பகோடாவும் பயா, புத்தரும் பயா, நம் ஆண்டவரும் பயாதான். ஷுவேடகோன் பகோடா பக்கமாக பஸ் போனபோது எல்லோரும் கும்பிடுவதைப் பார்த்துவிட்டு, "இது நம்ம பயா வீடா, அவங்க பயா வீடா?" என்று பஸ் முழுக்கக் கேட்கும்படி கேட்டான். அவங்க வீடு என்றேன். "நம்ம பயா இங்க வருவாரா?" என்றான். அதற்குள் நிறுத்தம் வந்துவிட்டது, நல்லவேளை.

ஜெபத்தைப் பற்றி எனக்குத் தெரிந்தது கொஞ்சம்தான். முழு ஜெபமாலையை விட்டுவிட்டோம், ஒரு பத்து போதும். மாமி மீதி நாலையும் தன் அறையில் முடித்துக்கொள்கிறார். கரண்டு போகும் நேரம்தான் எங்கள் ஜெப நேரம், அப்போது கார்ட்டூன் இல்லை, யாரும் எங்கேயும் ஓட முடியாது. ஒரு மெழுகுவர்த்தி, அதை அணைக்கும் முறை யாருக்கு என்பதில் மட்டும் சண்டை. ஜெபமாலையில் ஏழாவது மணியை உருட்டும்போது கரண்டு வந்துவிட்டால் சந்து முழுக்க "மீ லா பீ!", கரண்டு வந்தாச்சு, என்று கத்தும், என் இரண்டும் அதே குரலில் கத்திக்கொண்டு எழுந்து ஓடும். முன்பெல்லாம் பிடித்து இழுத்து உட்காரவைப்பேன். இப்போது மிச்சம் மூன்று மணியை நானே உருட்டிவிடுகிறேன். அந்த மூன்றும் என் கணக்கு. 2024இல் கட்டாய ராணுவ சேவை வந்த பிறகு இந்த நாட்டில் ஆண்பிள்ளை பெற்றவள், அவன் பதினெட்டை எட்ட இன்னும் எத்தனை வருஷம் என்று விரல் விடுகிறாள். அதைப் பிள்ளைகள் கேட்கும்படி ஜெபிக்க முடியாது.

2025இல் குருத்து ஞாயிறும், பர்மியப் புத்தாண்டுத் தண்ணீர்த் திருவிழாவான திங்யானின் தொடக்கமும் ஒரே நாளில் வந்தன. பூகம்பம் நடந்து இரண்டு வாரத்துக்குச் சற்று மேல்தான் ஆகியிருந்தது, ஊரில் மேளதாளம் இல்லை. ஆனாலும் எங்கள் சந்துப் பொடிசுகள் வாளியோடு காத்திருந்து, கோயிலிலிருந்து வந்த இரண்டு பேரையும் குருத்தோலையோடு நனைத்துவிட்டார்கள். நான் திட்ட வாயெடுப்பதற்குள் சின்னவன் ஓலையை வாளியில் தோய்த்து, தீர்த்தம் தெளிப்பது போல எல்லோர் மேலும் தெளித்தான். அவர்களும் வரிசையில் வந்து நின்று தலையைக் காட்டினார்கள். மாமி மாடியிலிருந்து பார்த்துக்கொண்டிருந்தார். ஒன்றும் சொல்லவில்லை.

கரண்டு வந்துவிட்டது. மோட்டார் போட்டுத் தண்ணீர் ஏற்ற வேண்டும். உங்கள் மூத்தவன் மறுபடி கேட்டானா என்று எழுதுங்கள்.

அக்கா