மலையகப் பாடசாலை ஆய்வுகூடம்: நுண்ணங்கிச் செய்முறை பற்றிய கேள்வி-பதில்

கேள்வி: எங்களிடம் ஆட்டோகிளேவ் (அமுக்க ஆவியால் கிருமி நீக்கும் கருவி) இல்லை. பிரஷர் குக்கரில் 15 நிமிடம் வைக்கிறோம். அப்படியிருந்தும் புதிய ஏகாரில் (நுண்ணங்கி வளர்க்கும் கூழ் ஊடகம்) அடிக்கடி ஏதாவது முளைத்துவிடுகிறது. ஏன்?
(உயர்தர மாணவி, நுவரெலியா)

பதில்: அந்த 15 நிமிடம் கடல்மட்டத்துக்குப் போட்ட கணக்கு. நுவரெலியா ஏறத்தாழ 1,870 மீற்றர் உயரம். அங்கே வளியமுக்கம் குறைவு. திறந்த பாத்திரத்தில் தண்ணீர் 94 பாகையிலேயே கொதித்துவிடும். குக்கரின் வெயிட் வெளியமுக்கத்தின்மேல் சதுர அங்குலத்துக்கு 15 இறாத்தலைத்தான் கூட்டும். கொழும்பில் 121 பாகையைத் தொடும் அதே குக்கர் உங்கள் ஊரில் 118இல் நின்றுவிடும். மூன்று பாகைதானே என்று விடாதீர்கள். வெப்பத்தைத் தாங்கும் பற்றீரியா வித்திகள் (தடித்த உறையுள் உறங்கும் வடிவங்கள்) சாக அதனால் ஏறக்குறைய இரு மடங்கு நேரம் பிடிக்கிறது.

ஆகவே 30 நிமிடம் வையுங்கள். ஹட்டனிலும் தலவாக்கலையிலும் இதையே பின்பற்றலாம். வெயிட்டின்மேல் வேறெதையும் ஏற்றி அமுக்கத்தைக் கூட்டப் பார்க்கவே கூடாது, குக்கர் வெடிக்கும். ஆவி சீராகப் பீறிட்டு 5 நிமிடம் போனபிறகுதான் வெயிட்டைப் போட வேண்டும். உள்ளே காற்று தங்கினால் வெப்பநிலை இன்னும் இறங்கும். போத்தலில் மூன்றில் இரண்டு பங்குக்கு மேல் ஊடகம் வேண்டாம், மூடியைத் தளர்த்தி வையுங்கள். அடுப்பை அணைத்தபின் குக்கர் தானாக ஆற வேண்டும். அவசரப்பட்டு வெயிட்டைத் தூக்கினால் ஏகார் பொங்கிக் கையைச் சுட்டுவிடும். அந்தக் குக்கரில் பிறகு ஒருபோதும் சமைக்கக் கூடாது.

கேள்வி: குளிரில் இரண்டு நாளாகியும் ஏகார் ஊற்றிய பெட்ரிக் கிண்ணத்தில் ஒன்றும் வளரவில்லை. வீட்டு அடுப்படியில் வைக்கலாமா? இல்லாவிட்டால் 37 பாகையில்?
(மாணவர், தலவாக்கலை)

பதில்: இரண்டும் வேண்டாம். 37 பாகை நம் உடலின் சூடு. நமக்கு நோய் தரும் பற்றீரியாக்கள் விரும்புவதும் அதைத்தான். பாடசாலைக்கு 25 முதல் 30 பாகை போதும். மூடிய பெட்டிக்குள் சிறிய மின்குமிழும் வெப்பமானியும் வைத்து 30ஐத் தாண்டாமல் பாருங்கள், அல்லது நான்கைந்து நாள் பொறுங்கள். கிண்ணத்தைக் கவிழ்த்து வைத்தால் மூடியில் படியும் நீர் ஏகாரில் சொட்டாது. மூடியை இரண்டு சிறு டேப் துண்டுகளால் பிடித்தால் போதும். சுற்றிலும் அடைத்தால் காற்றில்லாமல் வளரும் ஆபத்தான வகைகளுக்கு நாமே இடம் கொடுத்ததாகிவிடும்.

கேள்வி: ஸ்வெட்டரோடு செய்முறை செய்யலாமா?
(மாணவி, பண்டாரவளை)

பதில்: செய்யலாம், அதன்மேல் பருத்திக் கோட்டைப் பொத்தானிட்டுப் போட்டால். கழுத்துத் துண்டைக் கழற்றிவிடுங்கள், கூந்தலைக் கட்டுங்கள். செயற்கை நூல் தீப்பட்டால் உருகித் தோலில் ஒட்டும்.

கேள்வி: மேசை துடைக்க 95 வீத மதுசாரத்தை அப்படியே எடுத்தால் இன்னும் நல்லதுதானே?
(மாணவர், பதுளை)

பதில்: இல்லை. நுண்ணங்கியின் புரதத்தைச் சிதைக்கத் தண்ணீரும் வேண்டும், அதனால்தான் 70 வீதம். 95 வீத மதுசாரம் 74 மில்லிலீற்றர் எடுத்து, தண்ணீர் சேர்த்து 100 ஆக்குங்கள். துடைத்த மேசை முழுதாகக் காய்ந்தபிறகே சுடரடுப்பைப் பற்றவையுங்கள். மதுசாரச் சுடர் பகலில் கண்ணுக்குத் தெரியாமலே எரியும். நாங்கள் அதிகம் அஞ்சுவது இதற்குத்தான். சாளரத்தை மூடிக்கொள்ளுங்கள், மலைக்காற்று சுடரைச் சாய்க்கும்.

கேள்வி: தோட்டத் தொழிலாளர் வரிசைவீடுகளான லயத்துப் பீலித் தண்ணீரைச் சோதிக்க விரும்புகிறோம். முடிந்தபின் கிண்ணங்களை என்ன செய்வது?
(ஆசிரியர், ஹட்டன்)

பதில்: நல்ல செய்முறை. ஆனால் அந்தத் தண்ணீரில் மலப் பற்றீரியா இருக்கலாம் என்றே எண்ணி நடந்துகொள்ளுங்கள். வாயால் பிப்பெற்றில் (திரவம் அளந்தெடுக்கும் குழாய்) உறிஞ்சக் கூடாது, வளர்ந்த கிண்ணத்தைத் திறக்காமல் மூடியின் வழியே பற்றீரியாத் திட்டுகளை எண்ணுங்கள். தொண்டை, புண், கழிவறை மாதிரிகள் பாடசாலைக்கு வேண்டவே வேண்டாம்.

முடிந்ததும் வெப்பம் தாங்கும் பையிலிட்டு, வாயை இறுக்காமல், குக்கரில் 45 நிமிடம் வையுங்கள். பிளாஸ்டிக் கிண்ணம் உருகும், அதனால் பையை ஒரு தகரப் பாத்திரத்துள் இறக்குங்கள். அவிக்காமல் குப்பைமேட்டில் போட்டால் மழை அதைச் சரிவில் இழுத்து, கீழே தண்ணீர் பிடிப்பவர்களிடம் கொண்டுசேர்க்கும்.

கிண்ணம் விழுந்து உடைந்தால் காகிதத்தால் மூடி, 5 வீதப் பிளீச் ஒரு பங்குக்கு ஒன்பது பங்கு தண்ணீர் கலந்து, ஓரத்திலிருந்து நடுவுக்கு ஊற்றி 20 நிமிடம் விடுங்கள். கண்ணாடித் துண்டுகளை இடுக்கியால் எடுங்கள். கலவையை அன்றன்று தயாரியுங்கள், அமிலத்தோடு சேரவிடாதீர்கள். பிளீச் ஊற்றிய எதையும் குக்கரில் வைக்கக் கூடாது. சூட்டில் நச்சு வாயு கிளம்பும்.