வலி மாத்திரை, வயிறு, தேன்: கோத்தகிரி மருந்தாளுநர் பதில் சொல்கிறார்

கேள்வி (குன்னூர், தேயிலை பறிப்பவர்): ஐயா, முட்டி வலிக்குத் தினமும் டைக்ளோஃபினாக் போடுகிறேன். வயிறு எரிகிறது. முதலில் மலைத்தேன் குடித்துவிட்டு மாத்திரை போட்டால் புண் வராதா?

பதில்: அதை நம்பி இருந்துவிடாதீர்கள், அம்மா. மாத்திரை இரைப்பையில் படுவதால் மட்டும் புண் வருவதில்லை. இரைப்பையின் சளிப்படலத்தைக் காக்கும் புரோஸ்டாகிளாண்டின் என்ற பொருளை உடல் உண்டாக்கவிடாமல் இந்த மருந்து தடுக்கிறது. பிரிட்டிஷ் மருந்தியல் அறிஞர் ஜான் வேன் 1971இல் இதைக் கண்டறிந்தார். 1982இல் நோபல் பரிசும் பெற்றார். ஊசியாகப் போட்டுக்கொண்டாலும் வயிறு கெடுவது இதனால்தான். தேன் கொடுத்த எலிகளுக்குப் புண் குறைந்தது உண்மை. ஆனால் எலிக்குப் பலித்தது நமக்கும் பலிக்கும் என்று சொல்ல முடியாது. தினமும் இந்த மாத்திரை தேவையா, பாராசிட்டமால் போதுமா, கூடவே வயிற்று அமிலத்தைக் குறைக்கும் ஒமிப்ரசோல் வேண்டுமா என்று மருத்துவரிடம் கேளுங்கள். மலம் தார் போலக் கறுத்தால் அன்றே மருத்துவமனைக்குப் போய்விடுங்கள்.

கேள்வி (கொடைக்கானல்): தேனீ மரப்பிசினைச் சேர்த்து உண்டாக்கும் புரோபோலிஸ் வயிற்றுக்கு நல்லதாமே. எங்கள் தேனீப் பெட்டியிலிருந்தே சுரண்டி எடுக்கலாமா, அண்ணா?

பதில்: பெட்டியில் இருப்பது அடுக்குத் தேனீதானே? அது பிசின் சேர்ப்பதில்லை. நீங்கள் சுரண்டினால் மெழுகுதான் வரும். மரப்பிசினைச் சுமந்து வந்து கூடு கட்டுவது கொசுத்தேனீ. அதற்காக அதன் கூட்டை உடைத்துவிடாதீர்கள், தம்பி! எந்த மரத்தின் பிசினோ அதைப் பொறுத்துச் சத்தும் மாறும். ஐரோப்பாவின் பாப்லர் மரப் பிசினில் கண்டதை நம் சோலைக்காட்டுப் பிசினுக்குப் பொருத்திப் பேசுவது வியாபாரம். சிலருக்கு ஒவ்வாமையும் வரும்.

கேள்வி: அப்படியானால் மெழுகையே மென்று விழுங்கலாமா?

பதில்: இதில் கொஞ்சம் விஷயம் இருக்கிறது. கியூபாவில் தேன்மெழுகிலிருந்து ஆறு வகை ஆல்கஹால்களை (குடிக்கும் சாராயம் அல்ல, மெழுகு போன்ற பொருள்கள்) பிரித்தெடுத்து டி-002 என்ற வயிற்று மருந்தாக்கினார்கள், மனிதர்களிடமும் சோதித்தார்கள். ஒரு நாளைக்கு 50 முதல் 100 மில்லிகிராம். இந்த ஆல்கஹால்கள் மெழுகில் பெரும்பாலும் வேறு அமிலங்களோடு பிணைந்தே கிடக்கின்றன. நாம் மெல்லும் மெழுகு பெரும்பாலும் செரிக்காமலே வெளியேறிவிடும்.

கேள்வி (உதகை): எனக்கு இதயத்துக்காக ஆஸ்பிரின், சர்க்கரை நோயும் உண்டு. தேன் சாப்பிடலாமா?

பதில்: தேனும் சர்க்கரையை ஏற்றும்; வயிற்று மருந்தாக நினைத்துச் சாப்பிடாதீர்கள். வயிறு எரிகிறது என்று ஆஸ்பிரினை நீங்களாக நிறுத்தவும் கூடாது. இரண்டையும் மருத்துவரே முடிவு செய்யட்டும்.

கேள்வி: நாவல் பூக்கும் காலத்துத் தேன் கசக்கிறது. அதற்கு மருந்துக் குணம் அதிகமோ?

பதில்: கசப்பு, பூவின் குணம். மருந்துக்கு அது சாட்சி இல்லை. சப்பாத்தியோடு நன்றாக இருக்கும்.