சீருடை வேண்டாம் என்று சொல்வதற்கு முன்
அக்கா, மகளின் ஒரே வெள்ளைச் சட்டையை மாரியில் தினமும் தோய்த்துக் காயவைக்க முடியவில்லை, சீருடைக் கட்டாயத்தையே எடுத்துவிடலாம் என்று எழுதியிருந்தீர்கள். கஷ்டம் புரிகிறது. ஆனால் கலர் உடுப்பு என்றால் கிழமைக்கு ஐந்து வேண்டுமே! திருகோணமலை உப்புவெளியில் எங்கள் வீட்டில், கலர் உடுப்பில் போகலாம் என்று சொல்லும் அந்த ஒரு நாளுக்கே முதல்நாள் இரவு அழுகைதான்.

1993 முதல் இலங்கை அரசு சீருடைத் துணியை இலவசமாகத் தருகிறது (இடையில் சில வருடம் துணிக்குப் பதில் வவுச்சர்). தையற்கூலியும் சப்பாத்தும்தான் கையைக் கடிக்கும். வகுப்பாசிரியரிடம் கூச்சப்படாமல் கேளுங்கள். பெரிய வகுப்புப் பிள்ளைகளுக்கு அளவில்லாமல் போன சட்டை ஒன்று கிடைக்கும். அடுத்தமுறை தைக்கும்போது கீழ்மடிப்பை நான்கு விரல் அகலம் விடச் சொல்லுங்கள்.

சரி, சப்பாத்துக் கட்டாயத்தை எடுக்கலாம் என்றால் நானும் உங்கள் பக்கம்தான். இந்தச் சேற்றில் வெள்ளைச் சப்பாத்து யாருக்கு?