அடைமழைக்குப் பின் வாடும் வீட்டுத் தோட்டம்

கேள்வி: குடியாத்தம் அருகே எங்கள் வீட்டுக் கொல்லையில் இரண்டு சென்ட் களிமண் நிலத்தில் கத்தரி, தக்காளி, மிளகாய், கீரை வைத்திருக்கிறோம். ஐப்பசி மழையில் நான்கு நாட்கள் தண்ணீர் தேங்கி நின்றது. வெயில் வந்ததும் செடிகள் துவள்கின்றன, அடியிலைகள் மஞ்சளாகின்றன. சில கத்தரிச் செடிகள் பச்சையாகவே தலை சாய்ந்துவிட்டன. யூரியா போடலாமா?

பதில்: இப்போது மண்ணில் யூரியா போட வேண்டாம். மண்ணின் இடுக்குகளில் இருக்க வேண்டிய காற்றின் இடத்தைத் தண்ணீர் பிடித்துக்கொண்டதால் வேர்களுக்கு உயிர்வளி கிடைக்கவில்லை. அவ்வாறு திணறிய வேர் எவ்வளவு ஈரம் இருந்தாலும் நீரை உறிஞ்ச முடியாது. அதனால்தான் வெயில் ஏறியதும், சேற்றில் நிற்கும் செடியே துவண்டுவிடுகிறது. துவளுகிறதே என்று மேலும் தண்ணீர் ஊற்றிவிடாதீர்கள். தழைச்சத்தின் ஒரு பகுதி நீரோடு கரைந்து போயிருக்கும், மீதியை எடுத்துக்கொள்ளும் வலிமை வேருக்கு இல்லை. அடியிலைகள் மஞ்சளாவது இதனால்தான்.

முதல் வேலை வடிகால். நிலத்தின் தாழ்வான பக்கம் பார்த்து, பாத்திகளுக்கு இடையே முக்கால் அடி ஆழத்தில் வாய்க்கால் வெட்டித் தண்ணீரை வெளியேற்றுங்கள். வடகிழக்குப் பருவமழை டிசம்பர் வரை நீடிக்கும் என்பதால் இதைத் தள்ளிப்போடக் கூடாது. ஆனால் சேறாக இருக்கும் பாத்திக்குள் காலை வைக்காதீர்கள். மிதிபட்ட களிமண் இறுகி, மிச்சமிருக்கும் காற்றோட்டத்தையும் அடைத்துவிடும். ஒரு பிடி மண்ணை உருட்டி அழுத்தினால் உதிர்ந்துபோகும் பதம் வந்த பிறகு, களைக்கொத்தால் மேலாகக் கிளறி, தண்டைச் சுற்றி மண் அணையுங்கள். புதுத்தளிர் தெரிந்தபின், மாலை நேரத்தில் லிட்டருக்கு 10 கிராம் யூரியா கரைத்து இலைகளில் தெளிக்கலாம். அந்த அளவுக்கு மேல் போனால் இலை கருகும்.

பச்சையாகவே சாய்ந்த கத்தரிச் செடிகள்தான் எனக்குக் கவலை தருகின்றன, ஏனெனில் தக்காளியையும் மிளகாயையும் விடக் கத்தரி நீர்த்தேக்கத்தை ஓரளவு தாங்கும் பயிர். அப்படிச் சாய்ந்த ஒரு செடியின் தண்டை அடியில் வெட்டி, வெட்டுவாயைக் கண்ணாடித் தம்ளரில் உள்ள தெளிந்த நீரில் சில நிமிடம் தொங்கவிடுங்கள். பால்போல் வெண்மையான இழை இறங்கினால் அது பாக்டீரியா வாடல் நோய். அதற்கு மருந்து தெளித்துப் பயனில்லை. செடியை வேரோடு பிடுங்கி, எருக்குழியில் போடாமல் எரித்துவிட வேண்டும். அந்த இடத்தில் சில பருவங்களுக்குக் கத்தரி, தக்காளி, மிளகாய் மூன்றையும் தவிர்த்து, வெண்டை அல்லது மக்காச்சோளம் வையுங்கள். இழை இறங்காமல் வேர் பழுப்பாகி அழுகியிருந்தால் பூஞ்சை அழுகலாக இருக்கலாம். மற்ற செடிகளின் தூரில் லிட்டருக்கு 2.5 கிராம் காப்பர் ஆக்ஸிகுளோரைடு என்ற பூஞ்சைக்கொல்லி கலந்து ஊற்றுங்கள். தொழுவுரத்தோடு டிரைக்கோடெர்மா விரிடி என்ற நன்மை செய்யும் பூஞ்சையை இடுவது நல்ல பழக்கம். ஆனால் காப்பர் மருந்தோடு சேர்த்து இட்டால் அது செத்துவிடும், ஆகவே இரண்டு வார இடைவெளி கொடுங்கள்.

பூ உதிர்வதைப் பற்றி அதிகம் வருந்த வேண்டாம், வேர் தேறினால் அடுத்த பூ பிடிக்கும். தேங்கிய நீரில் சாக்கடை கலந்திருந்தால், அதில் மூழ்கிய கீரையைச் சமைத்தும் உண்ண வேண்டாம். பிடுங்கிப் போட்டுவிட்டுப் புதிதாக விதையுங்கள்.

உங்கள் மண்ணுக்கு இனி ஒரு அடி உயர மேட்டுப்பாத்தியே ஏற்றது. 2023ஆம் ஆண்டு புவிசார் குறியீடு பெற்ற நம் வேலூர் மாவட்டத்து முள்ளுக் கத்தரியை வைக்க விரும்பினால், பெருமழை ஓய்ந்தபின் மார்கழியில் மேட்டு நாற்றங்காலில் விதைத்து, தையில் நடுங்கள். நோய் எதுவென்று ஐயம் இருந்தால், வாடிய செடி ஒன்றை வேர்மண்ணோடு எடுத்துக்கொண்டு விரிஞ்சிபுரம் வேளாண் அறிவியல் நிலையத்தில் காட்டுங்கள்.