முகாமுக்குப் போகும் மகன் சிகரெட் பழகிவிடுவானோ?

மலேசியத் தேசியச் சேவைப் பயிற்சிக்கு மகனின் பெயர் வந்திருப்பதாகவும், முகாமில் அவன் சிகரெட் பழகிவிடுவானோ என்று அஞ்சுவதாகவும் எழுதியிருக்கிறீர்கள். அந்த அச்சம் நியாயமானதே, சகோதரி. நான் அங்கேதான் பழகினேன்.

2008ஆம் ஆண்டு பட்டர்வொர்த்திலிருந்து எங்களைப் பேருந்தில் ஏற்றிச் சென்றபோது எனக்கு வயது 17. பதினெட்டு நிறையாதவருக்குச் சிகரெட் விற்கக் கூடாது என்பது 2004ஆம் ஆண்டு விதிமுறையிலேயே இருந்தது, முகாமிலும் தடை. ஆயினும், இரவில் தலை எண்ணி விளக்கணைத்த பிறகு, துணி காயும் கொடிகளுக்குப் பின்னால் ஒரே சிகரெட் ஐந்து கை மாறும்.

இனங்கள் ஒன்றுகூட வேண்டும் என்றே தொடங்கப்பட்ட திட்டம் அது. பகலில் ஒற்றுமையைப் பற்றிப் பேச உட்கார வைத்தால் மலாய்ப் பையன்கள் ஒரு பக்கம், சீனர்கள் ஒரு பக்கம், நாங்கள் நான்கு தமிழர்கள் ஒரு மூலை என்றுதான் பிரிந்திருப்போம். தமிழ்ப்பள்ளியில் படித்து வந்த என் மலாய் உச்சரிப்பைக் கேட்டு யாரும் சிரிக்காத ஒரே இடம் அந்தக் கொடியடிதான். அங்கே இடம் கிடைப்பதற்கான விலை சிகரெட் என்று நம்பி, முதல் வாரத்திலேயே கை நீட்டிவிட்டேன். நிக்கோட்டின் இரண்டு மணி நேரத்தில் இரத்தத்தில் பாதியாகக் குறைந்துவிடும் என்பதும், அது குறையக் குறைய மனம் படபடக்கும் என்பதும் அப்போது தெரியாது. பகல் அணிவகுப்பில் வந்த அந்தப் படபடப்பை வீட்டு ஏக்கம் என்றே எண்ணிக்கொண்டிருந்தேன்.

எல்லா முகாம்களும் இப்படித்தான் என்று நான் சொல்லவில்லை. நல்ல அனுபவம் பெற்றவர்கள் என்மேல் கோபப்பட வேண்டாம். ஆனால் ஒன்று மட்டும் இன்றுவரை ஆறவில்லை. பிடிபட்ட எங்களைத் திடலைச் சுற்றி ஓடவிட்ட பயிற்றுநர், நாங்கள் ஓடி முடிக்கும்வரை எங்கள் கண்ணெதிரே புகைத்துக்கொண்டே நின்றார். அந்த ஓட்டத்திலிருந்து நாங்கள் கற்றது, பெரியவர்களானால் மறைக்க வேண்டியதில்லை என்பதைத்தான்.

மூன்று மாதத்தில் முகாம் முடிந்தது. பழக்கம் 11 ஆண்டுகள் நீடித்தது. 2015 நவம்பரில் ஒரு பெட்டி 17 வெள்ளிக்கு ஏறியபோதும் விடவில்லை. 2019இல், அரசாங்கச் சுகாதார நிலையத்தில் புகைபிடிப்பதை நிறுத்த உதவும் பிரிவுக்குப் பல முறை நடந்த பிறகே விட முடிந்தது. இப்போதைய பயிற்சி 45 நாள்தானே என்று சிலர் உங்களைத் தேற்றக்கூடும். எனக்கு ஒரு வாரமே போதுமானதாக இருந்தது.

மகனிடம் வெறுமனே "தொடாதே" என்று சொல்லி அனுப்பாதீர்கள். என் அப்பாவும் அதைத்தான் சொன்னார். கோலகங்சாரிலிருந்து வந்த ஒரு மலாய்ப் பையனைப் பற்றிச் சொல்லுங்கள். ஒவ்வோர் இரவும் அவன் எங்களோடு கொடியடியில் உட்கார்ந்து கச்சான் (வேர்க்கடலை) உரித்துத் தின்பான். சிகரெட் தன்னிடம் வரும்போது வாங்கி, உதட்டில் வைக்காமல் அடுத்தவனிடம் கொடுத்துவிடுவான். எங்களில் ஒருவர்கூட அவனை எழுந்து போகச் சொன்னதில்லை.