ஒரே பிள்ளை, நான்கு பெரியவர்கள்: எந்தச் செலவு முதலில்?

கேள்வி: எனக்கும் கணவருக்கும் வயது 47. இருவரும் வேலைக்குப் போகிறோம். நான் என் பெற்றோருக்கு ஒரே பெண். அவரும் அவர் வீட்டில் ஒரே பிள்ளை. எங்களுக்கும் ஒரே மகன், வயது 15. இரண்டு பக்கத்துப் பெற்றோரும் இருக்கிறார்கள், 72-லிருந்து 79 வயது வரை. எங்கள் வருமானத்தை 100 பங்காக வைத்தால் அதில் 40 என் சம்பளம். 50 வீட்டுச் செலவுக்கும், 20 மகனின் மேற்படிப்புச் சேமிப்புக்கும், 15 பெரியவர்களுக்கும், 10 வீட்டுக்கடனுக்கும், 5 ஓய்வுக்காலச் சேமிப்புக்கும் போகிறது. கடன் இன்னும் ஆறு ஆண்டில் முடியும். ஓய்வுக்காலத்துக்கென்று இதுவரை சேர்ந்திருப்பது நான்கு வருட வீட்டுச் செலவுக்கான தொகை. 60 வயதில் ஓய்வு பெற ஆசை. ஓய்வூதியம் வீட்டுச் செலவில் மூன்றில் ஒரு பங்கைத் தாங்கும். “ஒரே பையன், எல்லாம் அவனுக்குத்தான், நாளைக்கு அவன் நம்மைப் பார்த்துக்கொள்வான்” என்கிறார் கணவர். மாமியாருக்கு நடமாட்டம் குறைந்துவிட்டது. நான் வேலையை விட்டுவிடலாமா என்ற பேச்சும் வீட்டில் நடக்கிறது. பெரியவர்கள் யாரும் தங்கள் வீட்டை விற்கச் சம்மதிக்கவில்லை. எதை முதலில் செய்வது?
- வாசகி ஒருவர்

பதில்: வேலையை விடாதீர்கள். மகனின் சேமிப்பிலிருந்து 7 பங்கை எடுத்து ஓய்வுக்காலச் சேமிப்பில் போடுங்கள். 60 என்பதை 65 ஆக்கிக் கணக்குப் போடுங்கள். கேட்டதும் உங்கள் வீட்டில் முகம் சுருங்கும் என்று தெரியும். அதனால் காரணத்தை விரிவாகவே சொல்கிறேன்.

சில ஆண்டுகளுக்கு முன் 84 வயதான ஓர் அம்மா என்னைப் பார்க்க வந்தார். ஓய்வுபெற்ற ஆசிரியை. கையில் கோடு போட்ட ஒரு பழைய நோட்டு. ஒவ்வொரு மாதமும் முதல் தேதி, வங்கியில் மீதி எவ்வளவு என்று எழுதி, அதை மாதச் செலவால் வகுத்து, விடையைச் சிவப்பு மையில் குறித்திருந்தார். 31. அடுத்த மாதம் 30. அதற்கடுத்து 28, அந்த மாதம் காய்ச்சல் வந்ததாம். மருத்துவர் எழுதிக்கொடுத்த ஒரு பரிசோதனைச் சீட்டு அந்த நோட்டுக்குள்ளேயே மடித்து இருந்தது. ஏன் இன்னும் செய்யவில்லை என்று கேட்டேன். “இதுக்கு ஒன்றரை மாசம் போயிடுமே” என்றார். பணத்தை அவர் பணமாகப் பார்க்கவில்லை, மாதங்களாகப் பார்த்தார். ஊதாரியாகச் செலவழித்தவர் அல்ல, ஒழுங்காகச் சேமித்தவர்தான். அவர் கணக்கு 80 வயதோடு முடிந்திருந்தது, அவ்வளவுதான். ஒரே மகனுக்கு வயது 58. அவரே வேலை போய், அடுத்து என்ன என்று தெரியாமல் இருந்தார்.

உங்கள் கடிதத்தைப் படித்தபோது அந்தச் சிவப்பு மைதான் நினைவுக்கு வந்தது.

உங்கள் வீட்டில் நடப்பது உலகம் முழுக்க நடக்கிறது. 1960-களின் தொடக்கத்தில் ஒரு பெண்ணுக்கு உலகச் சராசரியாக ஐந்து குழந்தைகள். இன்று இரண்டே கால் அளவில் நிற்கிறது. 1950-ஐ ஒட்டி 46 ஆக இருந்த சராசரி ஆயுள் இன்று 73. தலைமுறை குறையாமல் தொடர ஒரு பெண்ணுக்குச் சுமார் 2.1 குழந்தை தேவை. தென் கொரியாவில் 2023-ல் அது 0.72. நான்கு தாத்தா பாட்டி, இரண்டு பெற்றோர், ஒரு பிள்ளை என்ற குடும்ப அமைப்புக்குச் சீனாவில் ‘4-2-1’ என்றே பெயர் வைத்துவிட்டார்கள். உங்கள் வீடு அச்சு அசலாக அதுதான்.

பிள்ளைகள் குறைந்தால் செலவு குறையும், உண்மை. ஆனால் தோள் கொடுக்கவும் ஆள் குறைகிறது. நான்கு பேர் பங்கிட்டுச் சுமந்ததை ஒருவர் சுமக்க வேண்டும், அதுவும் முன்பைவிட அதிக ஆண்டுகள். ஆகவே அந்த ஒருவர்மேல் விழப்போகும் பாரத்தைக் குறைப்பதற்கே உங்கள் சேமிப்பில் முதலிடம் கொடுங்கள். ஓய்வுக்காலச் சேமிப்பைச் சுயநலம் என்று நினைக்காதீர்கள். மகனுக்கு நீங்கள் செய்யும் பெரிய உதவியே அதுதான்.

எத்தனை வயது வரை திட்டமிடுவது? சராசரி ஆயுள் 73 என்றால் 75 வரை போதும் என்று பலர் நினைக்கிறார்கள். அந்தச் சராசரியில் பச்சைக் குழந்தையாகவே இறந்தவர்களும் சேர்ந்திருக்கிறார்கள். 60-ஐத் தொட்டுவிட்ட ஒருவர் அதற்கு மேலும் 20 ஆண்டுக்குக் குறையாமல் வாழ்வதுதான் இன்று உலகச் சராசரி. அதுவும் சராசரிதான், பாதிப் பேர் அதைத் தாண்டுவார்கள். தம்பதியாகப் பார்த்தால் இன்னும் நீளும். ஒவ்வொருவரும் 90-ஐத் தொட நான்கில் ஒரு வாய்ப்பு என்று வையுங்கள். இருவரில் ஒருவராவது தொடும் வாய்ப்பு 44 சதவீதம், கிட்டத்தட்டப் பாதி. அந்த ஒருவர் பெரும்பாலும் மனைவி. உலக அளவில் பெண்கள் ஆண்களைவிடச் சுமார் ஐந்தாண்டு கூடுதலாக வாழ்கிறார்கள். எனவே 92 வரை கணக்குப் போடுவோம்.

இனி உங்கள் எண்களை வைத்தே பார்க்கலாம். எல்லாம் இன்றைய மதிப்பில். விலைவாசி உயர்வைக் கழித்தபின் சேமிப்பு ஆண்டுக்கு 3 சதவீதம் வளர்கிறது என்று கொள்கிறேன். 60-ல் ஓய்வு பெற்றால் 32 ஆண்டுச் செலவைச் சந்திக்க வேண்டும். அதற்கு ஏறத்தாழ 20 வருடச் செலவுத் தொகை கையில் இருக்க வேண்டும். மூன்றில் ஒரு பங்கை ஓய்வூதியம் தாங்குவதால் பதிமூன்றரை வருடத் தொகை போதும். இப்போதுள்ள நான்கு வருடத் தொகை 13 ஆண்டில் கிட்டத்தட்ட ஆறாக வளரும். மீதியைச் சேர்க்க ஒவ்வொரு ஆண்டும் வீட்டுச் செலவில் பாதியை, அதாவது வருமானத்தில் 25 பங்கை ஒதுக்க வேண்டும். நீங்கள் ஒதுக்குவது 5.

அதையே 65 ஆக்கிப் பாருங்கள். செலவழிக்கும் ஆண்டுகள் 27 ஆகக் குறைகின்றன, சேமிக்கும் ஆண்டுகள் 18 ஆகக் கூடுகின்றன, ஏற்கெனவே உள்ளதும் கூடுதலாக வளர்கிறது. மூன்றும் சேர்ந்தால் தேவைப்படுவது 12 பங்குதான். 25 எங்கே, 12 எங்கே! நான் 7 பங்கு கேட்டது இதற்காகத்தான்.

அந்தக் கடைசி ஐந்து ஆண்டும் இதே வேகத்தில் ஓட வேண்டும் என்பதில்லை. பாதி நேர வேலை, ஆலோசகர் வேலை என்று சற்று இலகுவானதாக இருக்கலாம். அப்போது சேமிப்பு குறைந்தாலும், சேர்த்ததை எடுக்காமல் இருப்பதே பெரிய லாபம்.

“60 தானே ஓய்வு வயது?” என்று கணவர் கேட்கலாம். அந்த எண் கல்வெட்டு அல்ல. ஜெர்மனியில் ஆட்சித் தலைவராக இருந்த பிஸ்மார்க் காலத்தில் 1889-ல் முதியோர் ஓய்வூதியச் சட்டம் வந்தபோது வயது வரம்பு 70. 1916-ல்தான் அது 65 ஆனது. அன்று அந்த வயதைத் தொட்டவர்களே குறைவு. அமெரிக்காவில் முதல் மாதாந்திர ஓய்வூதியக் காசோலையைப் பெற்றவர் ஐடா மே ஃபுல்லர். அவர் மூன்றாண்டில் கட்டியது 24.75 டாலர். 1940 ஜனவரியில் வந்த முதல் காசோலையே 22.54 டாலர். 100 வயது வரை வாழ்ந்து, மொத்தமாக 22,888.92 டாலர் வாங்கினார். உழைப்பவர்கள் ஏராளமாகவும் முதியவர்கள் சிலராகவும் இருந்ததால் அது முடிந்தது. 1950-ல் அங்கே ஒரு பயனாளிக்கு 16 உழைப்பாளிகளுக்கு மேல் இருந்தார்கள். இன்று மூன்றுகூட இல்லை. டென்மார்க் ஓய்வு வயதை ஆயுளோடு கட்டிவைத்துவிட்டது. 2040-ல் அங்கே 70 ஆகப்போகிறது. உங்கள் ஓய்வூதியமும் நீங்கள் நினைத்த ஆண்டில், நினைத்த அளவில்தான் வரும் என்று எண்ணி முழுக் கனத்தையும் அதன்மேல் வைக்காதீர்கள்.

சரி, வேலையை விடும் பேச்சுக்கு வருவோம். எனக்கு மனம் கனப்பது இங்கேதான். வீட்டில் ஒருவருக்கு முடியாமல் போனால், யார் வேலையை விடுவது என்ற கேள்வியே எழுவதில்லை. எல்லாப் பார்வையும் ஒரு பெண்ணின் பக்கம் திரும்பிவிடுகிறது. உங்கள் 40 பங்கு போனால் மிஞ்சுவது 60. வீட்டுச் செலவு 50, கடன் 10. முடிந்தது. மகனுக்கும் பெரியவர்களுக்கும் உங்கள் முதுமைக்கும் ஒரு பங்குகூட இல்லை. சம்பளத்தோடு உங்கள் பெயரில் சேரும் ஓய்வூதிய உரிமையும் நின்றுபோகும். 90-ஐத் தொட அதிக வாய்ப்புள்ளவர் நீங்கள். உங்கள் பெயரில் இருக்கும் பணம்தான் முதலில் சுருங்கும். நான்கு பெரியவர்களுக்கும் அடுத்தடுத்துத் துணை தேவைப்படலாம் என்பதையும் மறக்க வேண்டாம். மாமியாருக்காக இன்று விட்ட வேலையை 55 வயதில் திரும்பப் பிடிப்பது மிகக் கடினம்.

அதற்குப் பதில், பகலில் சில மணி நேரம் துணைக்கு ஆள் வையுங்கள். கூலி முதலில் மாமனார் மாமியாரின் பணத்திலிருந்து போகட்டும், அப்புறம்தான் உங்கள் 15 பங்கிலிருந்து. இதைக் கேட்கக் கூச்சமாக இருக்கும். ஆனால் பெற்றோர் ஆயுள் முழுதும் சேர்த்த பணம் அவர்களுடைய முதுமைக்கே முதலில் பயன்பட வேண்டும். இதை மாமியாரிடம் நீங்கள் பேச வேண்டாம், கணவர் பேசட்டும். உங்கள் பெற்றோரிடம் நீங்கள். ஆயுள் நீண்ட அளவுக்கு ஆரோக்கியம் நீளவில்லை. உலகச் சராசரியில் கடைசிச் சுமார் பத்தாண்டு நோயோடோ இயலாமையோடோதான் கழிகிறது. ஜெர்மனி 1995-லும் ஜப்பான் 2000-லும் முதியோர் பராமரிப்புக்கென்றே கட்டாயக் காப்பீடு கொண்டுவந்தது அதனால்தான். மருத்துவமனைச் செலவுக்கான காப்பீடு வேறு, குளிப்பாட்டவும் கைபிடித்து நடத்தவும் ஆகும் செலவு வேறு. இரண்டாவதை உங்கள் காப்பீடு தருகிறதா என்று பாருங்கள், பெரும்பாலும் தராது. ஆறு ஆண்டில் கடன் முடிந்ததும் விடுபடும் 10 பங்கை இதற்கென்று தனியாகப் போடுங்கள்.

வீட்டை விற்கச் சொல்லி வற்புறுத்த வேண்டாம். அந்த வயதில் பழகிய வீடு வெறும் சொத்து அல்ல. இருட்டிலும் கைக்குச் சுவர் தெரியும் இடம். ஒரு பகுதியை வாடகைக்கு விடுவது, வீட்டின்மேல் மாதத் தொகை பெறும் ஏற்பாடு, இரு குடும்பமும் பக்கத்தில் குடிவருவது என்று இடைப்பட்ட வழிகள் உண்டு. ஆனால் அந்த வீடுகள் உங்களுக்கு வரும் என்று நம்பி ஒரு பங்கைக்கூடக் குறைத்துச் சேமிக்காதீர்கள். நான்கு பேரின் சொத்தும் ஒரே வாரிசிடம் சேர்வது சிறிய குடும்பங்களில் நடக்கிறதுதான். ஆனால் அது வரும்போது வாரிசுக்கே 60 தாண்டியிருக்கும், பாதி பராமரிப்பில் கரைந்திருக்கும். 1965-ல் பிரான்ஸில் 47 வயதான ஒரு நோட்டரி வழக்கறிஞர், 90 வயதான ழான் கல்மோ என்ற மூதாட்டியின் அடுக்குமாடி வீடு அவர் இறந்தபின் தனக்கு வரும் என்று ஒப்பந்தம் செய்து, மாதம் 2,500 ஃபிராங்க் கொடுத்துவந்தார். 30 ஆண்டு கொடுத்து, 1995-ல் அவரே இறந்துபோனார். அதன்பின் அவர் மனைவி தொடர்ந்து கொடுத்தார். கல்மோ 122 வயதில், 1997-ல்தான் காலமானார். வீட்டின் மதிப்பைப் போல இரண்டு மடங்குக்கு மேல் போயிருந்தது. அடுத்தவர் ஆயுளை வைத்துக் கணக்குப் போடுவதில் இவ்வளவு ஆபத்து இருக்கிறது.

அதே கதையைக் கல்மோ பக்கமிருந்து பாருங்கள். சாகும்வரை மாதம் தவறாமல் வரும் பணம் 90 வயதுக்காரருக்கு எவ்வளவு பெரிய பலம்! ஓய்வு பெற்றபின், 70-ஐ ஒட்டி, சேமிப்பில் ஒரு பகுதியை வாழ்நாள் முழுதும் தொகை தரும் ஆண்டுத்தொகைத் திட்டத்தில் போடுவது பற்றி அப்போது யோசியுங்கள். முழுவதையும் வேண்டாம். இருவரில் கடைசியாக இருப்பவர் வரை தொடர்கிற வகையாக இருக்கட்டும். ஒருவர் போனபின் செலவு பாதியாகாது. மூன்றில் இரண்டு பங்காவது இருக்கும்.

மகனின் படிப்புக்கு மிஞ்சுவது 13 பங்கு. குறைந்த செலவில் தரமான படிப்பு, உதவித்தொகை, போதாததற்குக் கல்விக்கடன். 22 வயதில் வாங்கும் கடனை அடைக்க அவனுக்கு 40 ஆண்டு இருக்கிறது. 82 வயதில் உங்களுக்கு யாரும் கடன் தரமாட்டார்கள். உங்களுக்கு 85 ஆகும்போது அவனுக்கு 53. அவனும் பெற்றோருக்கு ஒரே பிள்ளையான பெண்ணை மணந்திருந்தால், இன்று நீங்கள் உட்கார்ந்திருக்கும் அதே இடத்தில் அவன் உட்கார்ந்திருப்பான்.

கணவரிடம் பேசும்போது இந்த ஒரு வரியைச் சொல்லிப் பாருங்கள். பையனையும் பக்கத்தில் உட்காரவையுங்கள். 15 வயதில் இந்தக் கணக்கு அவனுக்குப் புரியும். ஆறு பேரின் கணக்குகள், காப்பீடுகள், வாரிசு நியமனங்கள் எல்லாவற்றையும் அவனையே ஒரே தாளில் எழுதச் சொல்லுங்கள். கையெழுத்துப் போட முடியாத நிலை வந்தால் யார் முடிவெடுப்பது என்பதற்கான அதிகாரப் பத்திரத்தில் இரண்டாவது பெயராக நம்பிக்கையான உறவினரோ நண்பரோ இருக்கட்டும். ஒரே பிள்ளை உள்ள வீட்டில் அந்த இடம் பெரும்பாலும் காலியாகவே கிடக்கிறது.