மாலைத் தலைவலியும் மூடிவைத்த டியூபும்

கேள்வி: என் கணவருக்கு 41 வயது. இரண்டு வருடத்துக்கு முன் தென்னை மரத்திலிருந்து விழுந்ததில் தண்டுவடத்தில் அடி. டி4 என்று டிஸ்சார்ஜ் தாளில் எழுதியிருக்கிறார்கள். நெஞ்சுக்குக் கீழே உணர்வும் அசைவும் இல்லை. சிறுநீருக்கு டியூப் போட்டிருக்கிறது. பத்து நாளாகச் சாயங்காலம் ஆனால் தலை வெடிப்பதுபோல் வலிக்கிறது, முகம் சிவந்து வியர்த்துக் கொட்டுகிறது. மெடிக்கல் ஷாப் தம்பி வீட்டுக்கு வந்து பிரஷர் பார்த்தார், 150/90. தினமும் போட ஒரு மாத்திரை கொடுத்திருக்கிறார். கால்கள் வெட்டி வெட்டி இழுக்கின்றன, பாதம் வீங்குகிறது, சிறுநீர் கலங்கலாக வருகிறது. மூளையில் ரத்தக்குழாய் வெடிக்கும் என்று ஒரு வீடியோவில் சொன்னார்கள். நன்றாக இருக்கும் கைகளும் போய்விடுமா? இன்னொரு வீடியோவைப் பார்த்து, சிறுநீர்ப்பை பழகட்டும் என்று மதியம் 2 மணியிலிருந்து 6 மணிவரை டியூபில் கிளிப் போட்டு மூடி வைக்கிறோம். அது தவறில்லையே?

பதில்: தவறுதான். கிளிப் இப்போது போட்டிருந்தால் முதலில் போய் அதை எடுத்துவிட்டு வாருங்கள். மீதியை அப்புறம் படிக்கலாம்.

கிளிப் போட ஆரம்பித்து எத்தனை நாள் என்று எழுதவில்லை. பத்து நாள்தான் இருக்கும் என்பது என் ஊகம். மூடிய டியூப், நிரம்பும் சிறுநீர்ப்பை, சாயங்காலத் தலைவலி: உங்கள் கடிதத்திலேயே விடை இருக்கிறது. இதற்கு அட்டானமிக் டிஸ்ரெஃப்ளெக்சியா என்று பெயர். தண்டுவடத்தில் மார்பின் ஆறாம் மட்டத்திலோ அதற்கு மேலோ அடிபட்டவர்களுக்கு வரும். டி4 என்றால் மார்பின் நான்காம் மட்டம், உங்கள் கணவருக்கு அதுதான்.

சிறுநீர்ப்பை நிரம்பி விம்முவது அவருக்குத் தெரியாது. ஆனால் அந்தச் செய்தி தண்டுவடத்துக்குள் போய், அடிபட்ட இடத்துக்குக் கீழே உள்ள ரத்தக்குழாய்களை எல்லாம் இறுக்கிவிடுகிறது. பிரஷர் எகிறுகிறது. மூளை அதைக் கவனித்து ‘தளர்த்து’ என்று உத்தரவு போடுகிறது. அந்த உத்தரவு முறிவைத் தாண்டிக் கீழே இறங்குவதில்லை. மேல்பாதிக்கு மட்டும் போய்ச் சேர்வதால் முகம் சிவக்கிறது, வியர்க்கிறது. அந்த நேரத்தில் நாடியைப் பிடித்துப் பார்த்தால் பெரும்பாலும் மெதுவாக இருக்கும். சிறுநீர்ப்பை நிரம்பினால் இப்படி ஆகும் என்று குட்மன், விட்டரிட்ஜ் என்ற ஆய்வாளர்கள் 1947-லேயே எழுதிவிட்டார்கள். இன்றும் இரவு டியூட்டி அறைகளில் இதைச் சாதாரண பிரஷர் என்று நினைத்து மாத்திரை கொடுத்து அனுப்புவதைப் பார்க்கிறேன்.

150 ஒன்றும் பெரிசில்லையே என்று தோன்றலாம். இந்த அளவில் அடிபட்டவர்களின் வழக்கமான பிரஷரே 90, 100, 110 என்றுதான் இருக்கும். அதிலிருந்து 20 முதல் 40 வரை ஏறினாலே நாங்கள் எழுந்து ஓடுவோம். அப்படியென்றால் அவருக்கு 150 எவ்வளவு என்று நீங்களே பாருங்கள். காலையில் தலைவலி இல்லாதபோது ஒருமுறை அளந்து எழுதிவையுங்கள், அதுதான் அவருடைய கணக்கு. அந்தத் தம்பி கொடுத்த மாத்திரையை நிறுத்துங்கள். ஏற்கெனவே தாழ்ந்த பிரஷர் உள்ளவருக்கு அதைத் தினமும் கொடுத்தால், வீல்சேரில் உட்கார வைத்ததும் மயங்கிச் சாய்வார். தலைவலிக்கான காரணமும் அந்த மாத்திரையால் போகாது.

மூளையில் ரத்தக்கசிவு என்று வீடியோ சொன்னது முழுப் பொய்யாக இருந்திருந்தால் எனக்கு நிம்மதி. இதைக் கவனிக்காமல் விட்டால் அதுவும் வரலாம், வலிப்பும் வரலாம். ஆனால் காரணத்தை எடுத்துவிட்டால் பெரும்பாலும் சில நிமிடங்களில் பிரஷர் இறங்கிவிடும். கைகளைப் பற்றிய பயம் அங்கேயே தீர்ந்துவிடுகிறது.

அடுத்த முறை தலை வலித்து வியர்த்தால் படுக்க வைக்காதீர்கள். மயக்கம் என்றால் படுக்க வைத்துக் காலைத் தூக்குவது நம் வழக்கம், இங்கே அது நேர் எதிர். நிமிர்த்தி உட்காரவைத்துக் கால்களைத் தொங்கவிடுங்கள். வேட்டி முடிச்சு, பெல்ட், காலில் கட்டியிருக்கும் பட்டை எல்லாவற்றையும் தளர்த்துங்கள். பிறகு டியூபைக் கையால் தடவிக்கொண்டே போங்கள்: தொடைக்கடியில் மடிந்திருக்கிறதா, யூரின் பேக் வழிய நிறைந்திருக்கிறதா, படுக்கைக்கு மேலே தொங்குகிறதா. எல்லாம் சரியாக இருந்தும் சிறுநீர் இறங்கவில்லை என்றால் உள்ளே அடைத்திருக்கிறது, மாற்ற வேண்டும். அடிவயிற்றை மட்டும் அமுக்கவோ தட்டவோ வேண்டாம். மாற்றப் பழகியவர் பக்கத்தில் இல்லையென்றால் உட்கார்ந்த நிலையிலேயே ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போங்கள். சிறுநீர் நன்றாக இறங்கியும் தலைவலி விடவில்லை என்றாலும் அப்படியே. மலம் இறுகி நிற்பது, முதுகிலோ புட்டத்திலோ புண், ஏன், கால் பெருவிரல் நகம் சதைக்குள் வளர்ந்தால்கூட இது வரும்.

சங்கோஜப்படாமல் இதையும் கேளுங்கள். தாம்பத்திய உறவுக்காகச் சில்டனாஃபில் மாத்திரை போடுகிறாரா? போட்டிருந்தால் டியூட்டி டாக்டரிடம் முதலில் சொல்லுங்கள். பிரஷரை இறக்க அங்கே நைட்ரேட் மருந்து கொடுக்க வாய்ப்பு உண்டு, இரண்டும் சேர்ந்தால் ஆபத்து. நோயின் பெயர், டி4, அவருடைய வழக்கமான பிரஷர் மூன்றையும் ஒரு சீட்டில் எழுதி வீல்சேர் பையில் வையுங்கள்.

மற்றவை எனக்குப் பெரிதாகப் படவில்லை. நாள் முழுக்கத் தொங்கும் கால் வீங்கத்தான் செய்யும். ஒரு கால் மட்டும் திடீரென்று வீங்கிச் சூடாக இருந்தால்தான் அன்றே ஓட வேண்டும். டியூப் உள்ளவர்களின் சிறுநீர் கலங்கலாக இருப்பதும், கல்ச்சர் என்னும் கிருமிப் பரிசோதனையில் கிருமி காட்டுவதும் சகஜம். காய்ச்சலோ குளிரோ இல்லாமல் ஆன்டிபயாடிக் விழுங்கினால், நிஜமாகவே தேவைப்படும் நாளில் அது வேலை செய்யாது. கால் வெட்டி இழுப்பது தண்டுவடத்தின் அனிச்சை. நரம்பு வளர்கிறது என்று யாராவது எண்ணெய் விற்க வந்தால் அனுப்பிவிடுங்கள். வழக்கத்தைவிடத் திடீரென்று கூடினால் மட்டும் மேலே சொன்ன காரணங்களைத் தேடிப் பாருங்கள்.

‘பை பழக வேண்டும்’ என்ற உங்கள் எண்ணத்தில் ஒரு நியாயம் உண்டு, வழிதான் வேறு. அவருடைய கைகள் நன்றாக இருக்கின்றன. நாலைந்து மணி நேரத்துக்கு ஒருமுறை மெல்லிய டியூபைத் தானே நுழைத்துச் சிறுநீரை வடித்துவிட்டு எடுக்கப் பழகிக்கொள்ளலாம், நிரந்தர டியூப் தேவைப்படாமல் போகலாம். இந்த வாரமே மறுவாழ்வு மருத்துவரிடமோ யூராலஜிஸ்ட்டிடமோ அவரை அழைத்துப்போய் இது அவருக்கு ஒத்துவருமா என்று கேளுங்கள். அந்தக் கிளிப்பை வேண்டுமானால் துணி காயப்போட வைத்துக்கொள்ளுங்கள்.